இரண்டு அம்மா வீட்டில், இரண்டு அப்பா வீட்டில் பிள்ளை யாரை என்னவென்று அழைக்கும்? புதிய பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை வருவதற்கு முன்பு எங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ரெண்டு பேருமே அம்மான்னா, ராத்திரி அது அம்மான்னு கத்துனா யார் எழுந்திரிப்பீங்க?" ஏழு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். யாருக்குத் தூக்கம் முதலில் கலைகிறதோ அவர் எழுந்திருப்பார். மற்றவர் கலையாதது போலப் படுத்திருப்பார். அம்மாவும் அப்பாவும் உள்ள வீடுகளிலும் இதுதான் நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன். நாங்கள் உண்மையாகவே திண்டாடிய இடங்கள் வேறு. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நான் மதுரைக்காரி. என் துணைவியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. கனடாவின் டொராண்டோ நகரில் வசிக்கிறோம். மகளுக்கு 7 வயது. தமிழ் பேசும் வீட்டில் பிள்ளை வளர்க்கப்போகும் தன்பாலின இணையர்களையும், அந்தப் பிள்ளைக்குப் பாட்டியாகவும் மாமாவாகவும் சித்தியாகவும் ஆகப்போகிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இதற்கு அறிவுரைகள் நிறையவே கிடைக்கின்றன. அவற்றை அப்படியே தமிழ் வீட்டுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பது மூன்றாம் படியில் வருகிறது.

முதல் படி: கூப்பிடும் சொல் வேறு, குறிப்பிடும் சொல் வேறு

பள்ளிக்கூடத்தில் படித்த வேற்றுமைப் பாடத்தில் எட்டாவதாக வந்த விளியைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவரைப் பார்த்து "அம்மா" என்று பிள்ளை கூப்பிடும்போது குழப்பம் வருவதில்லை. அது பார்க்கும் திசையும் குரலின் இழுப்பும் யாரைக் கூப்பிடுகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. "அம்மா சாவியை எடுத்துட்டுப் போயிட்டா" என்று பிள்ளை சொன்னால், கேட்பவர் பாட்டியாக இருந்தாலும் ஆசிரியராக இருந்தாலும் "எந்த அம்மா?" என்று கேட்டாக வேண்டும். ஆகவே நேரில் இருவரும் அம்மாவாக இருந்துகொண்டு, குறிப்பிடுவதற்கு மட்டும் ஓர் அடையாளம் சேர்த்துக்கொள்ளலாம். பல குடும்பங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன, அதில் குறை ஒன்றும் இல்லை. உங்களுக்கும் இது போதுமென்றால் அடுத்த இரண்டு படிகளைத் தாண்டி நான்காம் படிக்குப் போய்விடலாம்.

இரண்டாம் படி: பிள்ளை பேசத் தொடங்குமுன் முடிவெடுங்கள்

பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளை ஒட்டி முதல் சொல்லைச் சொல்கின்றன. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே கேட்டுப் புரிந்துகொள்ளத் தொடங்கிவிடுகின்றன. குழந்தையின் வாய்க்கு முதலில் வசப்படுபவை உதடு சேர்ந்து பிறக்கும் மகரமும் பகரமும், அவற்றை அடுத்துத் தகரமும்தான். உலகின் எண்ணற்ற மொழிகளில் தாய் தந்தையைக் குறிக்கும் மழலைச் சொற்கள் இந்த ஒலிகளைச் சுற்றியே இருப்பதற்குக் காரணம் இதுவே. ழகரமோ றகரமோ உள்ள அழகான சொல் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்தால், பிள்ளை அதைச் சிதைத்துத்தான் சொல்லும், சிதைந்த வடிவமே நிலைத்தும்விடும்.

மூன்றாம் படி: சொற்களைத் திரட்டுங்கள்

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இரண்டு தாய்மார் உள்ள வீட்டில் ஒருவர் மம்மி, மற்றவர் மாமா என்பதும், இரண்டு தந்தையர் உள்ள வீட்டில் ஒருவர் டாடி, மற்றவர் பாப்பா அல்லது டாடா என்பதும் மிகப் பரவலான ஏற்பாடு. தமிழ்க் காதால் அவற்றை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மாமா என்றால் அம்மாவின் உடன்பிறந்தான். பாப்பா என்றால் தொட்டிலில் கிடப்பது. டாடா என்றால் வாசலில் நின்று கையசைப்பது. நாங்கள் முதலில் என்னை 'மாமா' ஆக்கத்தான் நினைத்தோம், காணொளி அழைப்பில் அதைக் கேட்ட என் தம்பி, "அப்ப நான் யாரு?" என்று கேட்ட கேள்வியோடு அந்தத் திட்டம் முடிந்தது.

நல்ல வேளையாக, தாய்க்கும் தந்தைக்கும் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. இருவர் வீட்டிலும் மூன்று தலைமுறைக்குப் புழங்கிய சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். அம்மா, ஆத்தா, அம்மை, ஆயி, தாயி, உம்மா ஆகியவை ஒரு பக்கம். அப்பா, ஐயா, அத்தா, வாப்பா, நைனா, அப்பச்சி, அப்பு ஆகியவை மறுபக்கம். பின்பு ஒவ்வொன்றையும் உங்கள் ஊரில் மட்டுமல்லாமல் மற்றவர் ஊரிலும் வைத்துச் சொல்லிப் பாருங்கள், ஏனென்றால் ஊருக்கு ஊர் பொருள் தாவும். கன்னியாகுமரிப் பக்கம் அம்மை என்றால் தாய். மற்ற ஊர்களில் "பிள்ளைக்கு அம்மை வந்திருக்கிறது" என்றால் வேப்பிலை கட்டிவிடுவார்கள். ஆயி சில ஊர்களில் தாயைக் குறிக்கும், ஆனால் மழலைப் பேச்சில் அது கழிவறையோடு தொடர்புடைய சொல். செட்டிநாட்டில் அப்பச்சி தந்தை. கொங்கு நாட்டில் அதற்கு மிக அருகில் ஒலிக்கும் அப்புச்சி அம்மாவின் அப்பா. யாழ்ப்பாணத்துப் பழைய தலைமுறையினர் பலர் தந்தையை அப்பு என்றே அழைத்தார்கள், தமிழ்நாட்டில் அது செல்லப் பையனின் பெயர். ஆத்தா எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் சென்னைத் தெருக்களில் ஒரு வசவுச் சொல்லின் வாலாக அது ஒட்டிக்கொண்டிருப்பதால் கைவிட்டேன்.

பெயரோடு அம்மாவைச் சேர்த்துக் கலாம்மா, ராணியம்மா என்று வைக்கும் வழியும் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரையும், வீட்டு வேலைக்கு வருகிறவரையும், வகுப்பாசிரியையையும் நாம் அப்படித்தான் அழைக்கிறோம். சொந்தத் தாய்க்கு அது சற்றுத் தள்ளி நிற்கும் சொல்லாகவே என் காதில் விழுகிறது. முந்தைய மணவாழ்வில் பிறந்து, ஏற்கெனவே ஓர் அம்மாவும் அப்பாவும் உள்ள பிள்ளை உங்களோடு வந்து சேர்கிறது என்றால் மட்டும் இந்த வடிவம் கச்சிதமாகப் பொருந்தும். அந்தப் பிள்ளையிடம் வெறும் 'அம்மா'வைக் கேட்டு வாங்கப் பார்க்காதீர்கள். அது தானாக வந்தால் வரட்டும்.

எங்கள் வீட்டில் என் துணைவி 'அம்மா' ஆனார், நான் 'தாயி' ஆனேன். மதுரைப் பக்கம் பெண்பிள்ளைகளைக் கொஞ்சும்போது சொல்லும் சொல் அது. என் அப்பத்தா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். இதிலும் ஒரு கூத்து நடந்தது. மகளைச் சேர்த்த குழந்தைகள் காப்பகத்தில் ஓர் ஆசிரியை மூன்று மாத காலம் என்னைத் தாய்லாந்துக்காரி என்று நினைத்துக்கொண்டு, ஒரு விழாவுக்கு அந்த நாட்டு உணவு கொண்டுவர முடியுமா என்று மிகுந்த அன்போடு கேட்டார்.

நான்காம் படி: உறவுமுறையில் வைத்துச் சரிபாருங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். ஆங்கிலத்தில் பெற்றோரின் உடன்பிறந்தார் எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிடலாம். தமிழில் அப்படி முடியாது. அம்மாவின் அக்காளும் தங்கையும் பெரியம்மாவும் சித்தியும் ஆவார்கள், அண்ணன் தம்பி மாமா ஆவார்கள். அப்பாவின் அண்ணன் தம்பி பெரியப்பாவும் சித்தப்பாவும் ஆவார்கள், அக்காள் தங்கை அத்தை ஆவார்கள். ஆகவே பிள்ளை உங்களை என்னவென்று அழைக்கிறது என்பதை ஒட்டியே உங்கள் உடன்பிறந்தார் அத்தனை பேரின் பெயரும் முடிவாகிறது.

இரண்டு தாய்மார் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். இருவரின் தம்பிகளும் மாமாக்களே. இருவரின் தங்கைகளும் சித்திகளே. அத்தை என்ற உறவு பிறப்பால் வருவதில்லை; மாமாவின் மனைவியாகத்தான் வர வேண்டும். சித்தியின் பிள்ளைகள் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு அண்ணன் தங்கைகள். மாமாவின் பிள்ளைகள் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும் மச்சானும் மச்சாளும். இரண்டு தந்தையர் உள்ள வீட்டில் இது அப்படியே தலைகீழாகும். பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பஞ்சமில்லை, தாய்மாமன் மட்டும் இல்லை. அத்தையின் கணவரே மாமா என்ற இடத்துக்கு வருவார்.

காது குத்தும் நாளில் இந்தக் கணக்கு கண்முன் வந்து நிற்கும். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? எங்கள் மகளுக்கு இரண்டு தாய்மாமன்கள், இருவருக்கும் உரிமை உண்டு. வலக்காதுக்கு ஒருவர் மடி, இடக்காதுக்கு மற்றவர் மடி என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். நியாயமான தீர்ப்புதான், ஆனால் மடி மாறிய இடைவெளியில் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று குழந்தைக்குப் புரிந்துவிட்டது. இரண்டு தந்தையர் உள்ள வீட்டில் அத்தையின் கணவரோ, உடன்பிறந்தவன் போலப் பழகும் நண்பரோ அந்த மடியைத் தரலாம். யார் என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் அன்றைக்குச் சடங்கு நடுவே சங்கடம் வராது.

பாட்டிகளுக்கு இது எளிது. யாழ்ப்பாண வழக்கில் அம்மாவின் அம்மா அம்மம்மா, மதுரைப் பக்க வழக்கில் அம்மாச்சி. எனவே ஒரே உறவுக்கு இரண்டு ஊர்ச் சொற்கள் எங்களுக்குக் கையில் இருந்தன. இருவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தால் திருச்சிப் பாட்டி, சேலத்துப் பாட்டி என்று ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லா வீட்டிலும் செய்வதுதான் அது.

இந்தப் படியில் நான் உறுதியாக வேண்டாம் என்று சொல்வது ஒன்று உண்டு. பிள்ளையைப் பெறாத தாயைச் சித்தி என்றோ சின்னம்மா என்றோ ஆன்ட்டி என்றோ அழைக்கும்படி விடாதீர்கள். வெளியாட்கள் கேள்வி கேட்காமல் இருக்க அது வசதி என்று சிலர் தொடங்குகிறார்கள். ஆனால் சித்தி என்பது அம்மாவின் தங்கைக்கு உரிய இடம். அப்பா இரண்டாவதாக மணந்தவரையும் அந்தச் சொல்லால் குறிப்பதுண்டு. ஊரின் வாயை மூடுவதற்காக வைத்த பெயர் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டு, ஒருவரை ஒரு படி கீழே நிறுத்திவிடும். வேறோர் உறவுக்கு உரிய நாற்காலியில் பெற்றவரில் ஒருவரை உட்கார வைக்கக் கூடாது என்பதே நான் பின்பற்றும் விதி.

ஐந்தாம் படி: பெயரைப் பழக்குங்கள்

பிள்ளையிடம் "இவங்க அம்மா, இவங்க தாயி" என்று பாடம் நடத்திப் பயன் இல்லை. பிள்ளை கேட்பதைத்தான் சொல்லும். கூட்டுக் குடும்பங்களில் சித்தப்பாக்கள் அழைப்பதைக் கேட்டுக்கேட்டுப் பெற்ற தந்தையையே அண்ணா என்றும் தாயை மன்னி என்றும் அழைத்து வளர்ந்த பிள்ளைகள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். ஆகவே பிள்ளையின் காது கேட்கும் தூரத்தில் நீங்கள் ஒருவரையொருவர் பிள்ளை அழைக்க வேண்டிய பெயரால்தான் குறிப்பிட வேண்டும்: "இதைக் கொண்டுபோய் அம்மாகிட்ட குடு", "தாயி எங்க இருக்கா பாரு." பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழகியவர்களுக்கு முதல் ஆறு வாரம் நாடகம் போடுவது போல இருக்கும், பிறகு வாய் தானாகவே பழகிவிடும்.

பெரியவர்கள் பிள்ளையையே "என்னம்மா வேணும்", "சாப்பிடுப்பா" என்று அழைப்பதால் குழந்தை குழம்பிவிடுமோ என்று சிலர் கவலைப்படுகிறார்கள். எந்தத் தமிழ்க் குழந்தையும் இதனால் குழம்பியதாக நான் பார்த்ததில்லை.

பெயருக்கு நிகராகக் கவனிக்க வேண்டியது நீ, நீங்கள் என்ற வேறுபாடு. தமிழ்நாட்டில் பல வீடுகளில் பிள்ளைகள் அம்மாவை நீ என்றும் அப்பாவை நீங்கள் என்றும் பேசுகிறார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் இருவரையுமே நீங்கள் என்பது வழக்கம். எங்களுக்குத் தெரிந்த இரண்டு தந்தையர் வீடு ஒன்றில், பிள்ளை வேலைக்குப் போகும் அப்பாவை நீங்க என்றும், குளிப்பாட்டிச் சோறூட்டும் அப்பாவை நீ என்றும் பேசத் தொடங்கியிருந்தது; அதை முதலில் கவனித்தவர் விருந்துக்கு வந்த அத்தை. யாரும் திட்டமிட்டு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் 'அப்பா' என்ற ஒரே சொல்லுக்கு அடியில் பழைய வீட்டின் வரிசை அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் மகள் அம்மாவை நீங்கள் என்கிறாள், என்னை நீ என்கிறாள். இது யாழ்ப்பாணமும் மதுரையும் என்று இருவருக்கும் தெரிந்திருப்பதால் அப்படியே விட்டுவிட்டோம். உங்கள் வீட்டில் அது எதனால் வருகிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

ஆறாம் படி: பெரியவர்களுக்கு நேரம் கொடுங்கள், சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள்

தாத்தா பாட்டிகளிடம் தத்துவம் பேசி வெல்ல முடியாது. அவர்களுக்குத் தேவை, பிள்ளையிடம் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்ற எளிய தகவல். அதைப் பிள்ளை பிறக்கும் முன்பே தொலைபேசியில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். என் அம்மா முதல் ஓராண்டு என் துணைவியைப் பற்றிப் பேச நேர்ந்த இடங்களில் எல்லாம் "அவ", "அந்தப் பொண்ணு" என்று சொல்லியே சமாளித்தார். நாங்கள் வாக்குவாதம் செய்யவில்லை, அவர் "அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்கும்போதெல்லாம், "அம்மாவா? குளிச்சிட்டிருக்காங்க" என்று பதிலில் மட்டும் சொல்லைத் திருத்தினோம். கடைசியில் அவரை மாற்றியது எங்கள் பொறுமையா, அல்லது "அம்மாச்சி, அது பொண்ணு இல்ல, அம்மா" என்று இரண்டரை வயதில் மகள் போட்ட அதட்டலா என்று எனக்கு இன்னும் தெரியாது.

"உண்மையான அம்மா யார்?" என்ற கேள்வி எல்லாத் திசையிலிருந்தும் வரும். பெற்றவள், வளர்த்தவள் என்று பிரிக்கும் பழக்கம் நம் மொழியில் ஆழமாக இருக்கிறது. பிள்ளை முன்னிலையில் அந்த அடைமொழிகளைப் பயன்படுத்தாமல், "இருவரும்தான், வயிற்றில் சுமந்தது இவர்" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். விந்தணு தந்தவரைக் கொடையாளர் என்றே குறிப்பிடுவது நல்லது. அவர் நண்பராக வீட்டுக்கு வந்துபோகிறவர் என்றால் மாமா என்பது இயல்பாகப் பொருந்தும். பெற்றோரில் ஒருவராகப் பொறுப்பேற்றிருந்தால் ஒழிய அப்பா என்ற சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: பள்ளியும் படிவமும்

வீட்டுப் பெயருக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதால் இரண்டையும் தனித்தனியாகக் கையாளுங்கள். நாங்கள் வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் தாய், தந்தை என்ற சொற்களுக்குப் பதிலாகப் பெற்றோர் என்ற பொதுச்சொல்லைக் கொண்டுவந்தது. கருத்தரிக்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டால் நான்கு பேர் வரை நீதிமன்றம் செல்லாமலே பெற்றோர் ஆகலாம். இங்கிலாந்தில் 2009 முதல், சட்டம் விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பிள்ளையைச் சுமக்காத துணைவியின் பெயரும் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்று இடம்பெறுகிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது; மணமாகாத இணையர் சேர்ந்து தத்தெடுக்கவும் வழியில்லை. திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி அன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியதும், கோழிக்கோட்டைச் சேர்ந்த திருநர் இணையரின் பிள்ளைக்குத் தாய், தந்தை என்று பிரிக்காமல் பெற்றோர் என்று குறிப்பிட்டுப் பிறப்புச் சான்றிதழ் தரும்படி கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் உத்தரவிட்டதும் நல்ல செய்திகள். ஆனால் அவற்றால் பள்ளிப் படிவத்தில் இரண்டாவது பெயர் தானாக வந்துவிடாது. ஆகவே தாளில் உள்ள ஒருவர், மற்றவரைப் பிள்ளையை அழைத்துச் செல்லவும் மருத்துவரிடம் காட்டவும் அனுமதித்துக் கடிதம் கொடுத்துவைக்க வேண்டும். உயிலில் பாதுகாவலராகக் குறிப்பிடுவது பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். முதலெழுத்தைப் பொறுத்தவரை, தாய் தந்தை இருவரின் முதலெழுத்தையும் போட்டுக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருப்பதால் இரண்டு முதலெழுத்து யார் கண்ணையும் உறுத்தாது.

வகுப்பாசிரியரிடம் கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே இரண்டு வரியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: பிள்ளை இவரை இப்படி அழைக்கும், அவரை அப்படி அழைக்கும், அன்னையர் தினத்துக்கு இரண்டு வாழ்த்து அட்டைக்கான தாள் கொடுங்கள். இரண்டு தந்தையர் வீட்டுப் பிள்ளை அன்னையர் தினத்தில் பாட்டிக்கோ அத்தைக்கோ அட்டை செய்யட்டும்.

எட்டாம் படி: பிள்ளை பெயரை மாற்றினால்

மாற்றும். நான்கு வயதில் எங்கள் மகள் ஒரு வாரம் இருவரையும் பெயர் சொல்லி அழைத்தாள், சிரித்ததால்தான் அது ஒரு வாரம் நீடித்தது. பள்ளிக்குப் போனதும் தோழிகள் முன்னால் இருவருமே 'மாம்' ஆனோம். வீட்டு வாசலைத் தாண்டியதும் பழைய பெயர்கள் திரும்பின. கேலிக்குப் பயந்து மாற்றுகிறதா, நாவுக்கு எளிதாக இருப்பதால் மாற்றுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். முன்னதாக இருந்தால் பள்ளியில் பேச வேண்டும், பின்னதாக இருந்தால் விட்டுவிடலாம்.

எந்தப் பெயரை வைத்தாலும், மூன்று வயது முடிவதற்குள் உங்கள் இருவரின் முழுப்பெயரையும் ஒரு தொலைபேசி எண்ணையும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்துவையுங்கள். ஒரு வணிக வளாகத்தில் மகள் எங்கள் கையை விட்டுப் போன பத்து நிமிடத்தில், காவலர் அவளிடம் உன் அம்மா பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். "அம்மா" என்றிருக்கிறாள். உன்னோடு வேறு யாராவது வந்தார்களா என்று கேட்டதற்கு, "தாயி" என்றிருக்கிறாள். ஒலிபெருக்கியில் அந்த மனிதர் அந்த இரண்டு சொற்களையும் அப்படியே, தனக்குத் தெரிந்த உச்சரிப்பில், அறிவித்துவிட்டார்.